ஜமீன்தார் எழுதாத பயணக் குறிப்பேடு

முப்பது வருடங்களுக்கு முன்னால், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்மணி தன் அப்பாவின் நோட்டுப் புத்தகத்தை என்னிடம் கொடுத்து, "இதில் என்னைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா?" என்று கேட்டார். நான் படித்துப் பார்த்தேன். எழுதியிருந்தது. "ஒன்றும் இல்லை" என்று சொன்னேன். அந்த நோட்டு எனக்கு வேண்டியிருந்தது. அதனால் சொன்னேன்.

இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத முடியும். சென்னையில் ஏல நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் நித்யா என்ற பெண், "உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் சார், எங்களுக்குப் பயன்படும்" என்று கேட்டிருந்தாள். இது அவள் எதிர்பார்த்த கட்டுரையாக இருக்காது.

நான் பழைய கார் சாமான்களின் ஏலத்தில் வேலை செய்தவன். கார்களை நாங்கள் விற்றதில்லை. காரிலிருந்து உதிர்ந்தவற்றை, காரைச் சுற்றி இருந்தவற்றை விற்றோம். வண்டியின் மூக்கில் பொருத்தும் வெள்ளிப் பொம்மை, ரப்பர் பந்து வைத்த பித்தளை ஹாரன், கார்பைடு விளக்கு, மோட்டார் கிளப் பேட்ஜ், பெட்ரோல் கம்பெனிகளின் எனாமல் பலகை, ஜமீன்தார் காருக்குப் பக்கத்தில் கைத்தடியோடு நிற்கும் புகைப்படம். இவற்றைத் தேடி வாங்குகிற ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. திருப்பதியில் வரலாறு படித்துவிட்டு வேலை கிடைக்காமல் சித்தூரில் சுற்றிக்கொண்டிருந்தேன். தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் மூன்றும் பிழையில்லாமல் எழுதுவேன் என்பதால் ரங்காச்சாரி என்னைச் சேர்த்துக்கொண்டார். முதல் இரண்டு வருடம் துடைத்தேன். மூன்றாம் வருடம் எழுதினேன். பயிற்சி என்று சொல்ல வேறொன்றும் இல்லை.

ரங்காச்சாரியின் மூதாதையர்கள் திருப்பதிக் கோயில் கைங்கரியத்தில் இருந்தவர்கள். அண்ணன் தம்பிகளும் அதிலேயே இருந்தார்கள். இவர் மட்டும் சித்தூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டை எடுத்து ஏலக் கடை வைத்தார். நெற்றியில் திருமண், கையில் பூதக்கண்ணாடி. ஒரு சாமான் வந்தால் மேஜைமேல் வெள்ளைத் துண்டு விரித்து அதில் வைக்கச் சொல்வார். கொண்டுவந்தவர் பேச ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். பிறகு சாமானைக் கவிழ்த்து, முதலில் அடிப்பக்கத்தைப் பார்ப்பார்.

"முகத்தை எல்லாரும் தேய்ச்சு வச்சிருப்பா ஓய். அடியைத் தேய்க்க எவனுக்கும் தோணாது. அங்கேதான் நெசம் ஒட்டிண்டிருக்கும்" என்பார்.

எனாமல் பலகை என்றால் திருகு ஓட்டையைப் பார்ப்பார். சுவரில் உண்மையாகவே பல காலம் தொங்கிய பலகையில், திருகு அழுத்திய இடத்தில் எனாமல் வட்டமாகப் பொரிந்திருக்கும், துரு அந்த ஓட்டையிலிருந்து கீழ்நோக்கி வழிந்திருக்கும். போலி செய்கிறவர்கள் புதுப் பலகையைப் புளித்தண்ணீரில் ஊறவைத்து மண்ணில் புதைத்து எடுப்பார்கள். துரு நாலாபக்கமும் ஒரே மாதிரி படர்ந்திருக்கும். "மழை மேலேர்ந்து கீழேதானே பெய்யறது? இதுல எல்லாத் திக்கிலேர்ந்தும் பெஞ்சிருக்கே" என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பார். கொண்டுவந்தவர் மறுபேச்சு பேசாமல் எடுத்துக்கொண்டு போவார்.

ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு அட்டை. அதில் மூன்றே வரி. என்ன, எங்கிருந்து, யார் சொல்லி. மூன்றாவது வரியை எழுதியவர் அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். "இரும்பும் பித்தளையும் என்னுது. காகிதம் உம்முது. உம்ம காகிதத்தை நான் பிரிச்சுப் பார்க்கமாட்டேன். பார்த்தா உம்ம கையெழுத்துக்கு அர்த்தமில்லே" என்று முதல் நாளே சொன்னார். பதினாறு வருடம் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். அத்தனை வருடத்தில், ஒரே ஒரு முறை தவிர, நான் எழுதிய எதையும் நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னதும் இல்லை.

ஏலம் வருடத்துக்கு இரண்டு முறை, திருப்பதியில் ஒரு ஓட்டல் கூடத்தில் நடக்கும். சென்னை, பெங்களூர், ஹைதராபாத் ஆட்கள் தரிசனத்தையும் ஏலத்தையும் ஒரே பயணத்தில் முடித்துக்கொள்வார்கள். அதில் ஒரு தொல்லை இருந்தது. பாதிப் பேர் மலைமேல் மொட்டை போட்டுக்கொண்டு, சந்தனம் பூசிய தலையோடு நேராகக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பத்து வருடமாகப் பழகிய முகம்கூட அடையாளம் தெரியாது. ஒருமுறை ஒரு பித்தளை விளக்கைக் கேட்டது ஹைதராபாத்காரர், நான் எழுதியது பெங்களூர்காரர் பெயரை. இருவரும் ஒரே வரிசையில், ஒரே மாதிரி பளபளத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெங்களூர்காரர், "நான் கேக்கவேயில்லை, தலை அரிச்சதுன்னு கையைத் தூக்கினேன்" என்றார். கூடமே சிரித்தது. ரங்காச்சாரி சிரிக்கவில்லை. அடுத்த ஏலத்திலிருந்து எல்லாருக்கும் எண் எழுதிய பலகை கொடுத்தோம்.

நான் முதலில் சொன்ன பெண்மணி, கோவிந்தம்மா, வந்தது அதற்குப் பிறகு. நகரிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், என்னைவிட மூன்று நான்கு வயது பெரியவர். அன்று ரங்காச்சாரி திருப்பதியில் இருந்தார். பையிலிருந்து ஒரு ஹாரனும், தொப்பியில் குத்தும் பித்தளை வில்லையும், பழுப்பேறிய நோட்டு ஒன்றும் எடுத்து வைத்தார். அவருடைய அப்பா தேசப்பன், எங்கள் பக்கத்து ஜமீன் ஒன்றில் கார் ஓட்டியவர். வீட்டைப் பிரித்துக் கட்டுகிறார்கள், கரையான் தின்பதற்கு முன் கொடுத்துவிடலாம் என்று வந்ததாகச் சொன்னார். ஹாரனையும் வில்லையும் என் பக்கம் தள்ளிவிட்டார். நோட்டின் மேல் மட்டும் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"இதுல நைனா இன்னா எழுதிக்கிறாருன்னு யாருக்கும் தெரியல சார். எனக்குப் படிக்க வராது. என் பசங்க திருத்தணியில தமிழு ஸ்கூல்ல படிச்சதுங்க, இந்த எழுத்து தெரியாதுன்னுடுச்சுங்க. தெலுங்கு வாத்தியாராண்ட காட்னேன். எழுத்து தெலுங்குதாம்மா, ஆனா பேச்சு ஒண்ணும் புரியலன்னுட்டாரு."

வாங்கிப் பார்த்தேன். பென்சில் எழுத்து, மங்கலாக இருந்தது. தெலுங்கு எழுத்தில் தமிழ் எழுதியிருந்தார் தேசப்பன். எங்கள் பக்கத்தில் இது அதிசயம் இல்லை. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. தமிழ் எழுத்தே கற்காமல், தெரிந்த எழுத்தில் தெரிந்த பேச்சை எழுதுகிறவர்கள் நிறையப் பேர். என் அம்மாவும் எனக்கு அப்படித்தான் கடிதம் எழுதினாள். அதனால் எனக்கு அது தண்ணீர் போல ஓடியது.

"எங்க நைனாவுக்கு நான் ஒருத்திதான். என்னப் பத்தி ஏதாச்சும் கீதா பாரு சார். இருந்தா இத மட்டும் எடுத்துக்கினு போயிடுவேன்."

பக்கங்களைப் புரட்டினேன். ஓடிய மைல், பெட்ரோல், போன ஊர், துரை என்று அவர் எழுதிய ஜமீன்தார் சொன்னது, வண்டியில் கோளாறு. கடைசியை ஒட்டிய ஒரு பக்கத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்ததைப் பற்றி எட்டு வரிகள். அந்த எட்டு வரிகளையும் முழுதாகப் படித்தேன். பிறகு நோட்டை மூடினேன்.

"வண்டி ஓடின மைலு, பெட்ரோலு. அவ்ளோதாம்மா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவர் கையை எடுத்துவிட்டார். கோபமோ அழுகையோ இல்லை. காலிப் பையை மடித்துக்கொண்டார். பிறகு, "அதுவும் செரிதான், வேலக்காரருக்கு வேலதான" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார்.

ஏன் செய்தேன் என்பதைப் பல விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மை சிறியது. ஜமீன் காலத்துப் பயணக் குறிப்பு, உள்ளூர் ஊர்ப் பெயர்களோடு, முழுதாக அதுவரை எங்கள் கடைக்கு வந்ததில்லை. ஓட்டுநர் எழுதியது என்றால் ஏலப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் ஒரு மூலையில் போடுவோம். ஜமீன்தார் எழுதியது என்றால் பட்டியலின் முகப்பில் வரும். என் காகிதம் ஒருமுறை முகப்பில் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நோட்டுக்கான அட்டையின் மூன்றாவது வரியில், "ஜமீன்தாரின் சொந்தக் கையெழுத்து, தெலுங்கு, பத்திரக் கையெழுத்தோடு ஒப்பிடப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எந்தப் பத்திரத்தோடும் நான் ஒப்பிடவில்லை.

ரங்காச்சாரி அட்டையைப் படித்தார். நோட்டைத் துண்டின் மேல் வைத்தார். கவிழ்த்து அடியைப் பார்த்தார். திறக்கவில்லை.

"துரை கையெழுத்துங்கறது நிச்சயம்தானே?"

"நிச்சயம் சாமி."

"பேஷ்" என்றார்.

பதினாறு வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன ஒரே பாராட்டு அது.

நோட்டை வாங்கியவர் பெங்களூரில் பழைய கார்கள் வைத்திருந்த ஒரு செல்வர். தெலுங்கு படிக்கத் தெரியாதவர். யாராவது ஒருவர் அதைத் திறந்து வாய்விட்டு நாலு வரி படித்தால் என் பொய் உடைந்துவிடும் என்று முதல் இரண்டு வருடம் பயந்துகொண்டே இருந்தேன். பிறகு புரிந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் போன புத்தகத்தை யாரும் படிப்பதில்லை. நகரிக்கு ஒன்றரை மணி நேரப் பயணம்தான். நாளைக்குப் போகலாம் என்று எத்தனையோ வருடம் நினைத்தேன். ரங்காச்சாரி போய்ச் சேர்ந்தார். கடையை மூடினார்கள். நான் திருப்பதிக்கு வந்து, சென்னை நிறுவனங்களுக்குத் தபாலில் விவரக் குறிப்பு எழுதிப் பிழைத்தேன். மனைவி இறந்தாள். மகள் புனேயில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். மற்ற ஆறு நாளும் பேசுவதற்கு ஆள் இல்லை. ஆள் இல்லாத வீட்டில் "அவ்ளோதானா?" என்ற அந்த ஒரு சொல் நிறைய இடத்தை எடுத்துக்கொண்டது.

சென்ற வருடம் நித்யா போன் செய்தாள். பெங்களூர் செல்வர் இறந்துவிட்டார், பிள்ளைகள் எல்லாவற்றையும் ஏலத்துக்குக் கொடுக்கிறார்கள். இப்போதெல்லாம் ஒரு சாமானின் பூர்வீகத்துக்குக் கையெழுத்திட்ட சான்று இல்லாமல் வெளிநாட்டு ஆட்கள் கேட்பதில்லை. "ஜமீன்தார் டைரி உங்கள் குறிப்பு சார். மறுபடி ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், நானே ஆள் அனுப்புகிறேன்" என்றாள்.

"அது ஜமீன்தார் டைரி இல்லம்மா" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. இதுக்கு இருக்கிற ஒரே ஆதாரம் உங்க வார்த்தை. அது பொய்னு சொல்றதும் உங்க வார்த்தை. நான் எதை நம்பறது?"

நியாயமான கேள்வி. தொழிலில் ஒருமுறை பொய்க் கையெழுத்துப் போட்டவனின் உண்மைக்கும் மதிப்பு கிடையாது. "பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பு. நான் படிக்கிறேன். நீ கேள்" என்றேன்.

போனில் படங்கள் வந்தன. முதல் பக்கத்திலிருந்து வாய்விட்டுப் படித்தேன். "தொரை வெத்தல துப்பின கதவ மூணு தபா கழுவினேன். செவப்பு போவல."

நித்யா சிரித்துவிட்டாள். "எந்த ஜமீன்தாரும் தன் எச்சிலைத் தானே மூணு தடவை கழுவியிருக்க மாட்டார் சார்."

பத்துப் பக்கம் படித்ததும் போதும் என்றாள். தெலுங்கு எழுத்து தெரிந்த இன்னொரு தமிழரை வைத்தும் சரிபார்த்தாள். புதிய பட்டியலில், "ஓட்டுநர் தேசப்பன் எழுதிய பயணக் குறிப்பேடு, தெலுங்கு எழுத்தில் தமிழ்" என்று அச்சிட்டார்கள். முந்தைய விவரம் தவறு என்றும், அதை எழுதியவரே ஒப்புக்கொண்டார் என்றும் என் பெயர் போட்டு ஒரு வரி. பெங்களூர்ப் பிள்ளைகளில் மூத்தவர் என்னைக் கூப்பிட்டு, "எங்க அப்பா இருக்கும்போது சொல்ல உங்களுக்கு வாய் வரலையா?" என்று கேட்டார்.

ஜமீன்தார் பெயர் போனதும் நோட்டின் மதிப்பு இறங்கிவிட்டது. நானே ஏலத்தில் கேட்டு வாங்கி, நகரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். வாழ்க்கையில் ஒருமுறைகூட நான் ஏலம் கேட்டதில்லை. நித்யா மறுத்துவிட்டாள்.

"ஒரு சாமானோட விவரத்தை மாத்தி அதோட விலையை இறக்கினவரே அதைக் கேட்கக் கூடாது சார். இந்த விதியை எங்களுக்குக் கத்துக் கொடுத்த பழைய ஆட்கள்ல நீங்களும் ஒருத்தர்."

அதுவும் சரிதான். போனில் கேட்ட யாரோ ஒருவருக்கு நோட்டு போயிற்று. பெயர் சொல்ல மாட்டார்கள். என்னிடம் இருந்தது படங்கள் மட்டும். அவற்றைப் பெரிதாக அச்செடுத்து, பட்டியலையும் வைத்துக்கொண்டு நகரிக்கு பஸ் ஏறினேன்.

கோவிந்தம்மா இருந்தார். மகன் வீட்டில், பக்கத்துச் சுவருக்கு அப்பால் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். என்னை உற்றுப் பார்த்தார்.

"சித்தூரு ஏலக்கார சாரா? அப்ப தலை நெறைய முடி இருந்துச்சே. மலைக்குக் குடுத்துட்டியா?"

"அதுவா போயிடுச்சும்மா."

உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. நின்றபடியே சொன்னேன். பட்டியலில் தேசப்பன் பெயர் இருந்த இடத்தைக் காட்டினேன். அவர் அதில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

"அப்ப என்னப் பத்தி எழுதிக்கினுதான் இருந்தாரா?"

"ஆமாம்மா. நீங்க பொறந்த நாளப் பத்தி."

"படி."

படித்தேன்.

"பங்குனி. நாராயணவனம். தொரை சாப்ட்டு படுத்துக்கினாரு. வீட்ல பொம்பளப் புள்ள பொறந்துக்குதுன்னு ஆள் வந்து சொன்னான். லீவு கேட்டேன், குடுக்கல. வண்டிய மர நெழல்ல உட்டுட்டு மூணு மைலு நடந்து மாமியா வூட்டுக்குப் போனேன். அம்மாவும் புள்ளயும் தூங்கினு இருந்தாங்க. எழுப்பல. ஜன்னலாண்ட நின்னு பாத்துட்டு வந்துட்டேன். தொரை எழுந்திருக்கறதுக்குள்ள வண்டியண்ட வந்துட்டேன். பெட்ரோல் ஒரு கேலன்."

நான் நிமிர்ந்தபோது அவர் முகம் நான் நினைத்த மாதிரி இல்லை.

"நான் ஆடியில பொறந்தவ சார்" என்றார். "அது நானில்ல. எங்க அக்கா. எனக்கு முன்னாடி ஒண்ணு பொறந்து, பதினாறாம் நாளு போயிடுச்சு. பேருகூட வெக்கல. நான் பொறந்தப்ப தொரை வண்டியே இல்ல. அத வித்துட்டாரு."

நோட்டு அந்தப் பக்கத்துக்குப் பிறகு இரண்டு பக்கத்தில் முடிந்துவிடுகிறது. எனக்கு அது மனப்பாடம்.

"வேற எங்கியும் நான் இல்லியா?"

அந்த இடத்தில் ஒரு பொய் சொல்வது எளிது. அந்த வீட்டில் அந்த எழுத்து எனக்கு மட்டும்தான் தெரியும்.

"இல்லம்மா."

"அன்னிக்கும் அதத்தான சொன்ன."

"அன்னிக்கு இருக்குதுன்னு நெனச்சிக்கினு இல்லன்னு சொன்னேன்."

அன்று சொன்னது பொய்யே இல்லை போலிருக்கிறது என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், பாரம் இறங்கியது போல உணர்ந்தேன். அதையும் இங்கே எழுத வேண்டும்.

பிறகு அவர் பேசினார். "பெத்த புள்ள செத்துப்போற வரைக்கும் ஒரு தபா வந்து எட்டிப் பாக்கலியே உங்க நைனா, காரு சீட்ட தொடச்சிக்கினு கெடந்தாருன்னு எங்கம்மா சொல்லிக்கினே இருந்தா. நைனா இருக்கும்போதும் சொன்னா, போன அப்புறமும் சொன்னா. அவரு வாயத் தொறக்கல. போயி பாத்தேன்னுகூட சொல்லல. ஏன்னு தெரியல. நான் உன்னாண்ட இந்த நோட்ட எடுத்துக்கினு வந்தனே, அப்ப எங்கம்மா வூட்லதான் இருந்தா. அதுக்கப்புறம் நாலு வருசம் இருந்தா. சாவும்போதும் அதத்தான் சொன்னா."

தறி ஓடிக்கொண்டே இருந்தது. நான் முப்பது வருடமாகச் சுமந்தது தவறான ஆளுக்குச் செய்த தவறை. சரியான ஆள் அவருடைய அம்மா, நாலு வருடம் காத்திருந்து போய்விட்டார்.

"இத இப்ப நான் யாராண்ட போயி சொல்றது சார்?"

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். என்னையும் வரச் சொன்னார். உள் அறையில் மாலை காய்ந்த ஒரு படம் இருந்தது. மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்ட ஒரு கிழவி, கேமராவை நம்பாத பார்வை. கோவிந்தம்மா அதற்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"இன்னொரு தபா படி" என்றார். "கொஞ்சம் சத்தமா. கடேசில அவளுக்குக் காது செரியா கேக்கல."

படித்தேன். தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி, பங்குனியிலிருந்து பெட்ரோல் ஒரு கேலன் வரைக்கும் படித்தேன். முடித்ததும் அவர் திரும்பிப் பார்க்காமலே, "செரி, நீ கெளம்பு" என்றார். அச்செடுத்த தாள்களைப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.